வளையமும் கிளையும்

பிரிட்டிஷ் வீட்டில் பிளக் பாயின்ட்டுகளுக்குப் போகும் ஒயர், மின்சாரம் மிஞ்சினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சில் புறப்பட்டு, அறை அறையாகச் சுற்றி, அதே எம்.சி.பி.க்குத் திரும்பி வரும். இது வளையம். நம் வீட்டில் ஒயர், எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியிலிருந்து கிளம்பிக் கடைசி பாயின்ட்டோடு நின்றுவிடும். இது கிளை.

வளையம் பிறந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில். போருக்குப் பின் ஏராளமான வீடுகள் கட்டியாக வேண்டும், செம்போ பற்றாக்குறை. 1942இல் இதை ஆராய அமைந்த குழு காட்டிய வழியில், 1947இல் ஃபியூஸ் வைத்த பிளக்குக்கான தரநிலை வந்தது. வளையத்தில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரு பக்கமிருந்தும் மின்சாரம் வருவதால், 2.5 எம்எம் ஒயரை இன்று 32 ஆம்பியர் எம்.சி.பி.யில் மாட்டுகிறார்கள். ஒரே வளையம் 100 சதுர மீட்டர் வரை பார்த்துக்கொள்ளும். சிக்கனமான யோசனைதான்.

ஆனால் வளையம் எங்காவது அறுந்தால் எந்த பாயின்ட்டும் அணையாது. கெட்டில் கொதிக்கும், ஹீட்டர் எரியும். இரு வழியாகப் பிரிந்து போன மின்சாரம் முழுவதும் ஒரே வழியில் போகும். சுமார் 20 ஆம்பியர் தாங்கும் ஒயரில் 30 ஆம்பியர் ஓடினாலும் 32 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. சுவருக்குள் ஒயர் சூடாவது மீட்டர் வைத்துச் சோதிக்கும்வரை யாருக்கும் தெரியாது. அறுபடாத வளையத்திலும் சமையலறை ஒரு முனைக்கு அருகில் இருந்தால், குட்டையான பக்கமே பெரும்பங்கைச் சுமக்கும். மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவில் 30 ஆம்பியர் இழுத்தால், அந்தப் பக்கத்தில் மட்டும் 24 ஆம்பியர்.

கிளையில் ஒயர் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள பாயின்ட்டுகள் செத்துவிடும். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். எனக்குக் கிளையே பிடித்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் நம் பிளக். அதில் ஃபியூஸ் கிடையாது. டேபிள் ஃபேனின் மெல்லிய ஒயரைக் காப்பாற்ற எம்.சி.பி.யை விட்டால் வேறு ஆளில்லை. அதனால் வளையத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து 32 ஆம்பியரில் போடுவது ஆபத்து.

கிளைக்கு ஒயர் அதிகம் பிடிக்கும், டி.பி.யும் பெரிதாகும். லைட்டுக்கு 1.5 எம்எம், 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 2.5 எம்எம், ஏ.சி.க்கு 4 எம்எம் என்று தனித்தனியாக இழுக்க வேண்டும். தூரமும் கணக்கில் வரும். 20 மீட்டர் தள்ளி 16 ஆம்பியர் இழுத்தால் 2.5 எம்எம் ஒயரில் ஏறக்குறைய 6 வோல்ட் குறையும். 4 எம்எம்மில் மூன்றரை வோல்ட்தான்.

நம் வீடுகளில் கிளை முறையைக் கெடுப்பது ஒரு பழக்கம். கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே 2.5 எம்எம் ஒயரில் ஓடி, 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி 32 போட்டுவிடுகிறார்கள். சுவருக்குள் இருக்கும் ஒயர் அப்படியே கிடக்கிறது. அறுந்த வளையத்தின் அதே ஆபத்தை நாமே காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறோம். எம்.சி.பி. விழுந்தால் செய்ய வேண்டியது, கீசருக்கு டி.பி.யிலிருந்து தனி ஒயர் இழுப்பது.