மரச்சட்ட வீடுகளும் போர் விளையாட்டுகளும்

சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றிப் பாரசீகம் சென்று, அரபு மக்களிடம் ‘ஷத்ரஞ்ச்’ என்னும் பெயர் பெற்று, அவர்கள் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஸ்பானிய மொழியில் இன்றும் அவ்விளையாட்டின் ஒரு காய் ‘அல்ஃபில்’ எனப்படுகிறது. யானையைக் குறிக்கும் ‘அல்ஃபீல்’ என்னும் அரபுச் சொல்லே அது. அச்சதுரங்கம் ஐரோப்பாவில் ஈன்ற பிள்ளை ஒன்று உண்டு. அதன் பெயர் போர் விளையாட்டு. அப்பிள்ளை தன் களத்தை அலங்கரிக்க எடுத்துக்கொண்ட பழைய வீடுகளின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஜெர்மனியின் வடபகுதியில் பிரவுன்ஷ்வைக் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கு ஆசிரியராக இருந்த ஹெல்விக் என்பார், 1780ஆம் ஆண்டில் சதுரங்கத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு போர் விளையாட்டை வகுத்து நூலாக வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்டது அவரது பலகை. மலைக்கு ஒரு நிறம், சதுப்பு நிலத்துக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம் என அவர் பிரித்தார். கட்டடங்களுக்கும் ஓர் அடையாளம் இட்டார். மனிதர் உண்டு உறங்கும் வீடு இவ்வாறு போர்ப் பலகையின் ஒரு கட்டமாயிற்று.

அதன் பின் இக்கலை விரைந்து வளர்ந்தது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த விதிகள் படை அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்பட்டன. 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு இல்லத்திலேயே ஆடும் முறையை ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் எழுதினார். 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘வார்ஹாமர்’ என்னும் விளையாட்டோ, பூதங்களும் குள்ளர்களும் மந்திரவாதிகளும் மோதும் கற்பனை உலகைப் படைத்தது. அவ்வுலகின் பேரரசு ஒன்று, பழைய ஜெர்மானியப் பேரரசைப் பார்த்து வரையப்பட்டதாகும். ஆகவே, ஓரங்குல உயரமே உள்ள வீரர்கள் நின்று பொரும் மேசைகளின் மீது, செங்குத்தான கூரையும், கறுத்த மரச்சட்டங்களும், தெருவை நோக்கி நீண்ட மாடிகளும் கொண்ட சிறு வீடுகள் எழுந்தன.

இவ்வீடுகளைக் காண்போர், இவை சிற்பியின் கற்பனை என்றே எண்ணக்கூடும். உண்மையில் அவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஜெர்மானியர் இவ்வகைக் கட்டடத்தை ‘ஃபாக்வெர்க்’ என்பர். ‘ஃபாக்’ என்பது மரங்களுக்கு இடைப்பட்ட அறையைக் குறிக்கும். தூண்களும் விட்டங்களும் சேர்ந்த சட்டமே வீட்டின் பாரத்தைத் தாங்கும். சுவர் அவ்விடைவெளியை அடைப்பதற்கு மட்டுமே. மெல்லிய குச்சிகளைத் தட்டியாகப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அதன்மீது அப்பி, சுண்ணாம்பு பூசுவர். ஜெர்மன் மொழியில் சுவரைக் குறிக்கும் ‘வாண்ட்’ என்னும் சொல், முறுக்குதல், சுற்றுதல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது என்பர் மொழிநூலார். சுவரைப் பின்னிய காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது.

சட்டங்களின் குறுக்கே சாய்ந்து செல்லும் மரங்களை இன்றைய பொம்மைத் தச்சர் அழகுக்காக ஒட்டுகின்றனர். அவை இல்லையேல் காற்று வீசும்போது சட்டம் ஒருபக்கம் சரிந்துவிடும். கூரை செங்குத்தாக இருப்பது மழையும் பனியும் வழிந்தோடுவதற்காக. மேல்மாடி வெளியே நீண்டிருப்பது, நெருக்கமான நகரில் இடம் பெறுவதற்காகவும், கீழ்ச்சுவரின் களிமண்ணை மழையிலிருந்து காப்பதற்காகவும். தச்சர்கள் முழுச் சட்டத்தையும் முதலில் தம் பட்டறையில் தரையிலே பொருத்திப் பார்த்து, மரத்துக்கு மரம் அடையாளம் செதுக்கி, பிறகு பிரித்து எடுத்துச் சென்று உரிய இடத்தில் நிறுத்தினர். காடியும் முளையுமே அவற்றைப் பிணைத்தன.

பிரித்து எடுத்துச் செல்லத்தக்க வீடு அசையாப் பொருளா, அசையும் பொருளா? நம் ஃபிக்ஹு நூல்கள் அகார், மன்கூல் எனச் சொத்தை வகுப்பது போலவே பழைய ஜெர்மானியச் சட்டமும் வகுத்தது. தீப்பந்தம் எரித்து அழிக்கக்கூடியது எதுவோ, அது அசையும் பொருளே என்பது அவர்களிடையே வழங்கிய சட்டமொழி. அதன்படி மரவீடும் அசையும் பொருளாயிற்று. சட்டத்துக்காகச் சொன்ன அம்மொழி, பின்னர் வரலாறாகவும் பலித்தது.

தீயே இவ்வீடுகளின் பிறவிப் பகை. 1666இல் லண்டன் மாநகரில் பற்றிய பெருந்தீ, ஏறத்தாழ 13,200 வீடுகளை விழுங்கிற்று. மறு ஆண்டே, புதிய வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டுக எனச் சட்டம் பிறந்தது. அத்தீ தவறுதலால் மூண்டது. மனிதன் திட்டமிட்டு மூட்டிய தீயோ அதனினும் கொடிது.

போர் விளையாட்டு நூலாகப் பிறந்த அதே பிரவுன்ஷ்வைக் நகரம், மரச்சட்ட வீடுகளால் நிறைந்திருந்தது. 1944 அக்டோபர் 15ஆம் நாள் அதிகாலையில் பிரிட்டிஷ் விமானப் படை அந்நகர்மீது தீக்குண்டுகளைப் பொழிந்தது. மரவீடுகள் ஒன்றிலிருந்து ஒன்று தீப்பற்றி, நகரமே ஒரே சுவாலையாக எழுந்தது. இரண்டரை நாள் எரிந்த அத்தீயில் உள்நகரின் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அழிந்தது. காப்பிடங்களில் சிக்கிய ஏறக்குறைய 23,000 பேரை, இருபுறமும் நீரைப் பீய்ச்சி நனைந்த பாதை ஒன்றை அமைத்துத் தீயணைப்பு வீரர்கள் வெளிக்கொணர்ந்தனர். போருக்குப் பின், எஞ்சிய பழங்கட்டடங்கள் உள்ள ஐந்து பகுதிகளை மட்டும் ‘மரபுத் தீவுகள்’ எனப் பெயரிட்டுக் காத்தனர்.

அண்டை நகரான ஹில்டெஸ்ஹைமின் கதையும் அதுவே. அங்கு 1529இல் கசாப்புத் தொழிலாளர் சங்கம் எழுப்பிய மாபெரும் மரச்சட்ட மாளிகை, 1945 மார்ச் 22ஆம் நாள் குண்டுவீச்சில் சாம்பலாயிற்று. அவ்விடத்தில் நவீன விடுதி ஒன்று எழுந்தது. ஆயினும் மக்கள் பழைய மாளிகையை மறந்தாரில்லை. விடுதி இடிக்கப்பட்டு, 1987க்கும் 1989க்கும் இடையில், பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் துணைகொண்டு, கருவாலி மரத்தாலும் மரமுளைகளாலும் அம்மாளிகை மீண்டும் எழுந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் தச்சர் அறிந்த வித்தையை இக்காலத் தச்சர் திரும்பக் கற்றுக்கொண்டதனால் அது கைகூடிற்று.

விளையாட்டு மேசையில் இருக்கும் சிறு வீட்டை நாம் இகழ வேண்டியதில்லை. குண்டுகள் அழித்த ஒரு கலையின் உருவத்தை அது சிறுவர்களின் கைகளில் கொண்டுசேர்க்கிறது. ஆனால் உருவம் மட்டும் போதாது. அம்மேசையில் வீடு என்பது வீரன் மறையும் மறைவிடம். காய் விழுந்தால் மீண்டும் எடுத்து நிறுத்தலாம். பிரவுன்ஷ்வைக்கில் அதே வடிவுடைய வீடுகளுக்குள் அடுப்பும் தொட்டிலும் இருந்தன. அவற்றுள் இருந்தோரைத் திரும்ப எடுத்து நிறுத்த இயலவில்லை. பிள்ளைகளுக்கு அவ்விளையாட்டைக் கொடுப்போர், அச்சாய்ந்த மரம் எதற்கு, அம்மாடி ஏன் நீண்டது, அவ்வீடுகள் எங்கே போயின என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்களாயின், ஒரு விளையாட்டுப் பொருள் வரலாற்றுப் பாடமாகிவிடும்.