காலனித் தெரு

ஒரு தெருவுக்கு நீளம், அகலம், வாசல், வடிகால் என்றுதான் கணக்கு எழுதுவார்கள். அந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம், யார் கையில் எடுத்துக்கொண்டு போகணும் என்பதும் அளவுதான்.

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பழைய ஊர்த்தெரு வீடுகளில் திண்ணை உண்டு. வழிப்போக்கர் படுத்தெழுந்து போகக் கட்டியது, தமிழர் விருந்தோம்பல் என்று மெச்சுவார்கள். நம்ம பாட்டனும் வழி நடந்தவன்தானே? அவன் மட்டும் ஏன் தெருவில் நின்றே பேசிவிட்டுப் போனான்?

சேரி வீடு மண்ணும் ஓலையுமாகவே கிடந்ததற்கு வறுமையை மட்டும் காரணம் காட்ட முடியாது. மனை யாருடையது என்று கேட்க வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கை இதைத் தொடுகிறது: குடியிருக்கும் மனைக்கும் மிராசுதாரன் உரிமை கொண்டாடினான். எதிர்த்துப் பேசினால் வீடு போச்சு. நாளைக்குப் பிடுங்கப்படும் மனையில் எவன் அஸ்திவாரம் தோண்டுவான்? விவசாயக் கூலிகளுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழகத்தில் 1971-இல்தான் வந்தது. 1974-இல் தாட்கோ, 1978-இல் நம் மக்களுக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம். காலனிகள் பெருகின.

காலனித் தெருவைப் பார்த்த உடனே தெரியும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இரண்டு வரிசை, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். தெருமுனையில் கம்பிக் கூண்டுக்குள் அண்ணல். இந்திரா குடியிருப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு வைத்த அளவு 20 சதுர மீட்டர். அதில் திண்ணைக்கு எங்கே போவது?

ஆனாலும் அந்தக் கான்கிரீட் தளத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் கருகியது ஒரு குடிசைக்குள். தீப்பிடிக்காத கூரை நமக்கு உயிர்ப் பிரச்சினை.

அந்தக் கூரையும் காப்பாற்றவில்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று வீடு வீடாகக் கொளுத்தினார்கள். தளம் நின்றது, உள்ளே பீரோ, துணிமணி, பிள்ளைகளின் சர்டிபிகேட், வாசலில் வண்டி எல்லாம் சாம்பல். வந்தவன் யாரிடமும் வழி கேட்கத் தேவைப்படவில்லை. ஊரிலிருந்து தள்ளி, தனியாக, நேர்கோட்டில் அரசாங்கமே நிறுத்தி வைத்திருந்ததே!

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். விலாசம் எழுதும்போது கை கூசியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஊரையும் காலனியையும் பிரிக்கிற வயலையும் ரோட்டையும் எந்த அரசாணையில் எடுப்பார்கள்?

நம் ஜனங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் பெண்கள் தைத்துச் சம்பாதித்த காசில் மாடி ஏறுகிறது. ஒரே அச்சு வீடுகள் ஆளுக்கொரு உயரம், ஆளுக்கொரு வண்ணமாகி விட்டன. சில வீடுகளின் முன்னால் சிமெண்டுத் திண்ணை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதில் உட்கார்ந்துதான் மூச்சு விடுகிறார்கள்.