ஒரு முகவரி, பல கணினிகள்: இணைப்பைப் பகிர்ந்த லினக்ஸ் சேவையகத்தின் வரலாறு

ஒரே இணைய இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பகிரும் வேலை இதுவரை மூன்று கைகள் மாறியிருக்கிறது. முதலில் ஆர்வலர்களின் பழைய கணினி அதைச் செய்தது. பிறகு கடையில் விற்கும் ரவுட்டர். இப்போது பெருமளவுக்குச் சேவை நிறுவனத்தின் கருவியறை. நிறுவனம் விதித்த வரம்பைத் தாண்ட வாடிக்கையாளர் கையாண்ட உத்தி, காலப்போக்கில் நிறுவனத்தின் உத்தியாகவே ஆனது என்பது இக்கட்டுரையின் வாதம்.

டயல்-அப் காலத்தில் ஓர் அழைப்புக்கு ஓர் ஐபி முகவரிதான் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் அழைப்புக்கு அழைப்பு மாறும். 32 பிட் முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி என்பதால், அவை தீர்ந்துபோகும் என்ற கவலை 1990களின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. 1994 மார்ச்சில் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 1597, உள்வலையமைப்புகளுக்கென்று சில முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. 1996இல் ஆர்எஃப்சி 1918 அதற்கு மாற்றாக வந்தது. நம் வீடுகளில் காணும் 192.168 என்ற தொடக்கம் இந்த ஒதுக்கீட்டிலிருந்து வந்ததே. 1994 மே மாதம் ஷெல் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1631, வலையமைப்பின் எல்லையில் முகவரியை மாற்றி அனுப்பும் முறையை விவரித்தது. இது குறுகிய காலத் தீர்வு என்று அவர்களே எழுதிவைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்த வரி அது.

லினக்ஸில் இதற்கான அடித்தளம் 1994இன் பிற்பகுதியில் அமைந்தது. பிஎஸ்டியின் ஐபிஎஃப்டபிள்யூ என்ற பொட்டல வடிகட்டியை ஆலன் காக்ஸ் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1996இல் வெளியான 2.0 கெர்னலில் ‘ஐபி மாஸ்கரேடிங்’ வசதி இருந்தது. வடிகட்டி விதிகளை எழுதுவதற்கு யோஸ் வோஸ் உருவாக்கிய ஐபிஎஃப்டபிள்யூஅட்மின் பயன்பட்டது. ஒதுக்கிவைத்த ஒரு 486 கணினி, ஒரு மோடம், ஒரு நெட்வொர்க் கார்டு: வீட்டுச் சேவையகத்துக்கு இவை போதும்.

அதன் செயல்முறை எளியது. உள்ளே 192.168.1.2 என்ற கணினி ஒரு வலைத்தளத்தைக் கேட்கிறது. சேவையகம் அந்தப் பொட்டலத்தின் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது. போர்ட் எண்ணையும், 61000க்கு மேல் இதற்கென்று ஒதுக்கிய 4096 எண்களில் ஒன்றாக மாற்றுகிறது. யாருக்கு எந்த எண் என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடு முழுவதும் ஒரே கணினிதான். சிக்கல் எஃப்டிபி போன்ற நெறிமுறைகளில் வந்தது. அவை தங்கள் முகவரியைப் பொட்டலத்தின் உள்ளேயும் எழுதி அனுப்புகின்றன. உறையை மட்டும் திருத்தினால் போதாது. ஆகவே எஃப்டிபிக்கு ஒன்று, ஐஆர்சிக்கு ஒன்று, குவேக் விளையாட்டுக்குக்கூட ஒன்று எனத் தனித்தனித் துணை நிரல்களை ஏற்ற வேண்டியிருந்தது. தற்காலிகத் தீர்வின் விலை அப்போதே தெரிந்துவிட்டது.

1999இல் 2.2 கெர்னலுடன், ஐபிஎஃப்டபிள்யூஅட்மினுக்கு மாற்றாக ரஸ்டி ரஸ்ஸலின் ஐபிசெயின்ஸ் வந்தது. பெரிய திருப்பம் 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னல்தான். அதிலிருந்த நெட்ஃபில்டர், இணைப்புகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் வேலையைத் தனிப் பகுதியாக்கியது; முகவரி மாற்றம் அதன் மேல் அமைந்தது. நிலையான முகவரி உள்ளவருக்கு எஸ்நாட், டயல்-அப்காரருக்கு மாஸ்கரேட் என, அதன் விதிகளை எழுதும் ஐபிடேபிள்ஸ் இரண்டையும் பிரித்தது. தொலைபேசி இணைப்பு அறுந்தால் மாஸ்கரேட் பழைய பதிவுகளை மறந்துவிடும்; மறுமுறை வேறு முகவரி கிடைக்கும்போது அவற்றால் பயனில்லையே! ஏழை வீட்டு இணைப்பை நன்கு அறிந்தவர்கள் எழுதிய நிரல் இது.

இதற்கிடையே ஒற்றை பிளாப்பியில் அடங்கும் லினக்ஸ் ரவுட்டர் புராஜெக்ட், 2000இல் ஸ்மூத்வால், அதிலிருந்து கிளைத்த ஐபிகாப் என, கட்டளை தெரியாதவரும் நிறுவக்கூடிய தொகுப்புகள் பரவின. 2002 இறுதியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரினுள் இருந்ததும் லினக்ஸே. ஜிபிஎல் உரிமத்தின்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியானது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. மூலையில் இரைந்துகொண்டிருந்த 486க்கு அதன்பின் பெரிய தேவை இருக்கவில்லை.

2011 பிப்ரவரி 3 அன்று, உலகளாவிய கையிருப்பிலிருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகளும் மண்டலப் பதிவகங்களுக்குப் பகிரப்பட்டன. 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598, சேவை நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்த 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கியது. 486இல் ஓடிய அதே அட்டவணை பன்மடங்கு பெரிதாகி நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இப்போது பல வீடுகள். முன்பு வெளியிலிருந்து ஒருவர் நம் கணினியை அணுக வேண்டுமானால் நம் சேவையகத்தில் ஒரு விதி எழுதினால் போதும். ஆனால் நிறுவனத்திடம் உள்ள இந்த இரண்டாவது அட்டவணை நம்முடையதன்று. அதில் நாம் விதி எழுத முடியாது. ஐபிடேபிள்ஸுக்கு மாற்றாக 2014இல் வந்த என்எஃப்டேபிள்ஸ் எவ்வளவு செம்மையானதானாலும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது.

வீட்டில் சேவையகம் அமைக்க நினைத்தால், முதலில் உங்கள் ரவுட்டரின் வெளிப்புற முகவரியைப் பாருங்கள். அது மேற்சொன்ன எல்லைக்குள் இருந்தாலோ, அதன் முதல் எண் 10 ஆக இருந்தாலோ, வெளியிலிருந்து வரும் வழி நிறுவனத்திடமே அடைபட்டிருக்கிறது. பொது முகவரி கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஐபிவி6 கேளுங்கள். ஐபிவி6இல் ஒவ்வொரு கணினிக்கும் சொந்தப் பொது முகவரி உண்டு என்பதால் மாஸ்கரேட் தேவைப்படாது. ஃபயர்வால் கட்டாயம் தேவைப்படும்.