யாருக்கான மருந்து?

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, நாமக்கல் என எங்கள் பக்கத்து ஊர்களில் லாரியும் ரிக் வண்டியும் பிழைப்பு. ஆண்கள் மாதக்கணக்கில் வெளியே இருப்பார்கள், பெண்கள் காத்திருப்பார்கள். இந்த மண்ணில் எச்.ஐ.வி.யின் வரலாற்றை மனைவிகளிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் அது அப்படித் தொடங்கவில்லை. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாகத் தொற்றைக் கண்டறிந்தது, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில். 'கெட்ட பெண்களின் நோய்' என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா, திருமணத்தால் தொற்று வந்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னார்; 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பை மற்ற பெண்களோடு சேர்ந்து உருவாக்கினார்.

மருந்தின் கதையும் இதைப் போன்றதே. பிரசவ வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒருமுறை சொட்டு மருந்து: தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 1999இல் உகாண்டா ஆய்வு காட்டியது. 2002 தேசியத் திட்டத்தில் இந்தியாவும் இந்த முறைக்கு வந்தது. விழுங்கியவள் தாய், ஆனால் அது அவளுக்கான சிகிச்சை அல்ல. பின்னாளில் அவளுக்குத் தேவைப்படக்கூடிய அதே மருந்துக்கு வைரஸ் பழகிவிடும் ஆபத்தும் அவள் உடம்பில்தான் தங்கியது.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது. அதற்கும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்க வேண்டும். 2011இல் மலாவி, அணுக்களை எண்ணும் வசதி போதாத நிலையில், கர்ப்பிணி, பாலூட்டும் பெண்கள் அனைவருக்கும் ஆயுள் முழுவதற்கும் மருந்து என முடிவெடுத்தது. 2014இல் இந்தியாவும் அதை ஏற்றது. 2017இல் தொற்றுள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்றானது.

'எப்போது தொடங்குவது?' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தொடர்வதுதான் பாடு. பிரசவத்துக்குப் பிறகுதான் பலருக்கு மருந்து விட்டுப்போகிறது. தாய்வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவே மாத்திரையை எங்கே ஒளிப்பது? கர்ப்பப் பரிசோதனையில் முதலில் தெரியவருவது அவளுக்கு என்பதால், கொண்டுவந்தவள் என்ற பழியும் அவளுக்கே.

சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டம். அரசு நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். அவள் போகும்போது கணவரும் உடன் போய் ரத்தம் கொடுக்கட்டும். என் மாணவிகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.