மாடெலுங் மாறிலியின் வரலாறு

மாடெலுங் மாறிலி என்பது, ஓர் அயனிப் படிகத்தில் ஓர் அயனிக்கும் மற்ற எல்லா அயனிகளுக்கும் இடையிலான மின்னிலை ஆற்றலைக் கணக்கிட உதவும் எண் ஆகும். சமையல் உப்பான சோடியம் குளோரைடுக்கு இதன் மதிப்பு ஏறத்தாழ 1.7476. செருமானிய இயற்பியலாளர் எர்வின் மாடெலுங் 1918இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் இப்பெயர் வந்தது.

பின்னணி

1913இல் லாரன்சு பிராகு எக்சு கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தின் அமைப்பைக் கண்டறிந்தார். சோடியம், குளோரைடு அயனிகள் முப்பரிமாணச் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல மாறிமாறி அமைந்திருந்தன. உப்பில் தனித்தனி மூலக்கூறுகளே இல்லை. அப்படியானால் படிகத்தைப் பிணைத்து வைக்கும் ஆற்றல் எவ்வளவு? மாக்சு போர்னும் ஆல்பிரெட் லாண்டேயும் 1918இல் இதற்கான சமன்பாட்டைத் தந்தனர். அதில் மாடெலுங் மாறிலி இன்றியமையாத உறுப்பு.

கூட்டலில் எழுந்த சிக்கல்

அடுத்தடுத்த இரு அயனிகளுக்கு இடைப்பட்ட தொலைவை 1 எனக் கொள்வோம். ஒரு சோடியம் அயனியைச் சுற்றி 1 அலகுத் தொலைவில் 6 குளோரைடு அயனிகளும், √2 தொலைவில் 12 சோடியம் அயனிகளும், √3 தொலைவில் 8 குளோரைடு அயனிகளும் உள்ளன. ஈர்ப்பைக் கூட்டியும் விலக்கத்தைக் கழித்தும் எழுதினால்:

6 − 12/√2 + 8/√3 − 6/2 + 24/√5 − …

மாணவர்கள் இதைக் கணிப்பானில் செய்து பார்க்கலாம். விடைகள் 6, −2.485, 2.134, −0.866, 9.867 என அலைபாயும். கோளம் கோளமாக விரித்துக் கூட்டும் இவ்வழியில் தொடர் எந்த மதிப்பையும் நெருங்குவதில்லை என எமர்சுலேபன் 1951இல் காட்டினார். கோளத்துக்குள் அடங்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யாததே சிக்கலின் வேர்.

முடிவிலாத் தொடர்களில் கூட்டும் வரிசை மாறினால் விடையும் மாறக்கூடும் என்பதை ரீமன் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். உப்பின் கணக்கு அதற்கு இயற்கை தந்த எடுத்துக்காட்டு.

தீர்வுகள்

1921இல் பால் எவால்டு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு புள்ளி மின்னூட்டத்தையும் எதிர்க்குறி கொண்ட மின்னூட்ட மேகத்தால் போர்த்தி, பிறகு அம்மேகங்களின் பங்கைத் தனியே ஈடுசெய்தார். இதனால் ஒரு தொடர் இரண்டாகப் பிரிந்தது. இரண்டுமே விரைவாக ஒருங்கின.

1932இல் எவ்யென் கனசதுரங்களாகக் கூட்டினார். முகத்திலுள்ள அயனியில் பாதியும், விளிம்பில் உள்ளதில் கால்பங்கும், மூலையில் உள்ளதில் எட்டில் ஒரு பங்கும் மட்டுமே எடுத்துக்கொண்டதால் கனசதுரத்தின் மொத்த மின்னூட்டம் சுழியமாயிற்று. முதல் கனசதுரம் 1.456 தருகிறது, இரண்டாவதிலேயே 1.75 கிடைத்துவிடுகிறது.

அயனிகளைப் பங்கிடாமல் முழுமையாகக் கொண்டு, விரியும் கனசதுரங்களாகக் கூட்டினாலும் தொடர் ஒருங்கும் என்ற நிறுவலை டேவிட் போர்வைன், அவர் மகன் ஜோனதன் போர்வைன், கீத் டெய்லர் ஆகியோர் 1985இல் வெளியிட்டனர். இயற்பியலாளர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டுவந்த எண்ணுக்கு, நேரடிக் கூட்டலின் வழியாகவும் உறுதியான கணித அடிப்படை அமைந்தது.

இன்றைய பயன்

புரதம், நீர் முதலியவற்றின் இயக்கத்தைக் கணினியில் உருவகப்படுத்தும்போது தொலைவிலுள்ள மின்னூட்டங்களின் விளைவையும் கணக்கிட வேண்டும். அதற்கு எவால்டு முறையிலிருந்து 1993இல் உருவான விரைவு வடிவம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. உப்புக்காகத் தொடங்கிய கூட்டல் இப்போது மருந்து மூலக்கூறுகளின் ஆய்விலும் உதவுகிறது.