தீர்ப்பாயமா, தொழிலாளர் ஆணையரா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஓட்டுநரோ கிளீனரோ லோடு போகும் வழியில் அடிபட்டால், இழப்பீடு கேட்க அவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988, 166-வது பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். மற்றது, பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ன்படி தொழிலாளர் துறை ஆணையர். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 167-வது பிரிவு. ஒரு வழியில் இறங்கியவர் பிறகு மற்றதன் பலனைக் கேட்க முடியாது என்று மஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே யோசிப்பதையெல்லாம் முதல் மனுவுக்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

தொகையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. 2023-ல் ஒரு விபத்து நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநருக்கு வயது 35, மாத வருமானம் 20,000 ரூபாய். ஒரு கால் போய்விட்டது, இனி லாரி ஓட்ட முடியாது. தீர்ப்பாயம் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, ஆண்டு வருமானத்தை 16-ஆல் பெருக்கும். முழு வருமான இழப்பு என்று ஏற்றுக்கொண்டால் 53,76,000 ரூபாய். வலி, வேதனை, சிகிச்சைச் செலவு, உதவியாளர் செலவு எல்லாம் தனி. ஆணையரிடம் போனால், சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 15,000 ரூபாய்தான் கணக்கு. அதில் 60 சதவீதம், 35 வயதுக்கான காரணி 197.06, பெருக்கினால் 17,73,540 ரூபாய். மருத்துவச் செலவு கிடைக்கும். வலிக்கும் வேதனைக்கும் அங்கே ஒரு பைசா கிடையாது.

அப்படியானால் எல்லோரும் தீர்ப்பாயத்துக்கே போகலாமே என்றால், முடியாது. 166-வது பிரிவில் ஜெயிக்க, விபத்து வேறொருவரின் கவனக்குறைவால் நடந்தது என்று நிரூபித்தாக வேண்டும். இரவெல்லாம் ஓட்டிய அசதியில் கண்ணசந்து பாலத்துச் சுவரில் மோதியவருக்கு அங்கே வழியில்லை. தப்பில் பாதி அவருடையது என்று முடிவானால் தொகையிலும் பாதி போய்விடும். ஆணையரிடமோ தப்பு யாருடையது என்ற கேள்வியே பெரிதாக எழாது. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டாரா என்பதுதான் கேள்வி. குடிபோதை போன்ற சில விலக்குகள் உண்டு. உயிரே போனாலோ நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலோ அந்த விலக்குகளும் எடுபடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, நூறாண்டு பழைய இந்தச் சட்டத்தை நான் ஏழை ஓட்டுநரின் பெரிய துணையாகக் கருதுகிறேன்.

பல வழக்குகளின் போக்கை எஃப்.ஐ.ஆரே தீர்மானித்துவிடுகிறது. ஓட்டுநர் மயங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, எதிர் வண்டிக்காரர் கொடுத்த புகாரே பதிவாகிவிடலாம். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்ற வழக்கமான வாசகம் அடிபட்டவர் பெயரோடு சேர்ந்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதையே கடைசிவரை பிடித்துக்கொள்வார். அதை முறியடிக்க மகஜர், வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை, கண்ணால் கண்ட சாட்சி என்று தேடி அலைய வேண்டும்.

சம்பளத்துக்குச் சான்று இல்லாதது இரண்டு இடத்திலும் தலைவலி. பேட்டாவும் ட்ரிப் கணக்குமாக வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு ஏது? ஆனால் 15,000 என்ற உச்சவரம்பு இருப்பதால் ஆணையரிடம் இழப்பு குறைவு. தீர்ப்பாயத்தில் வருமானத்தைக் குறைத்து நிர்ணயித்தால் மொத்தத் தொகையும் சரிந்துவிடும்.

காலக்கெடுவில் 1923 சட்டம் தாராளம்: இரண்டு ஆண்டு. தீர்ப்பாயத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு வந்தது. அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பி யாரும் தாமதிக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருப்பதால், அதற்குப் பிந்தைய விபத்துகளுக்கு அந்தச் சட்டத்தின் பிரிவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தீர்மானம் இது: எதிர் வண்டியின் தப்பு தெளிவாக இருந்து சாட்சியும் இருந்தால் தீர்ப்பாயம், தப்பு தன்னுடையது என்றாலோ, நிரூபிக்க வழியில்லை என்றாலோ ஆணையர். அடிபட்டவரின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி வரிவரியாகப் படித்துப் பார்க்காமல் எந்த வக்காலத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.