ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும் எங்க ஆயாவோட கோழிகளும்

ரொம்ப நாள் வரைக்கும் ராணிக்கெட் நோய்னா ராணிப்பேட்டையில கண்டுபிடிச்ச நோய்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். கோழிக்குப் போடற தடுப்பு மருந்து ராணிப்பேட்டையில இருந்து வருதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. நோய் பேரும் ராணில ஆரம்பிக்குது. ரெண்டையும் முடிச்சுப் போட்டு ஆபீஸ்ல ஒரு நண்பர்கிட்ட பெருமையா விளக்கம் வேற கொடுத்திருக்கேன் :) அப்புறம் உட்கார்ந்து தேடிப் படிச்சதுலதான் கதை வேறன்னு தெரிஞ்சது.

முதல்ல நம்ம வீட்டுக் கதை. சதுரங்கப்பட்டினத்துல எங்க ஆயா பதினஞ்சு இருபது கோழி வெச்சிருந்தாங்க. முட்டைக் காசும் சேவல் வித்த காசும் ஆயாவோட சுருக்குப் பையிலதான் இருக்கும், தாத்தாவுக்குக் கணக்குக் கிடையாது. நான் எட்டாவது படிக்கறப்ப கோடை ஆரம்பத்துல தெருவுல கோழிங்க தூங்கி விழ ஆரம்பிச்சுது. வெள்ளையும் பச்சையுமா கழிச்சல், சிலதுக்குக் கழுத்து திருகிக்கிட்டு வானத்தைப் பார்த்துட்டு நிக்கும். அப்பா என்னை செங்கல்பட்டுக்கு அனுப்பி மருந்து வாங்கிட்டு வரச் சொன்னார். வாங்கினேன், சட்டைப் பையில போட்டேன், திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். வெயில் மண்டையைப் பொளந்தது. அந்த மருந்தைப் போட்டும் ஒரே வாரத்துல பஞ்சாரம் காலி. ஆயா ஒண்ணும் சொல்லலை. "பையன் என்ன பண்ணுவான்"னு மட்டும் சொன்னாங்க. மருந்து ஐஸ்லயே இருக்கணும்னு எனக்கு அப்ப யாரும் சொல்லலை.

இப்ப சரித்திரம். 1926ல டச்சுக்காரங்க ஆண்ட ஜாவாவுல கோழிங்க கொத்துக் கொத்தா செத்துது. அதை எழுதி வெச்சவர் கிரானவெல்ட்னு ஒரு கால்நடை மருத்துவர். எங்க ஊர்ல கோட்டை கட்டி, துணி வாங்கி, கல்லறையும் விட்டுட்டு 1824 ஒப்பந்தத்தோட இங்கிலீஷ்காரன்கிட்ட ஊரைக் கொடுத்துட்டுப் போன அதே டச்சுக்காரங்கதான். அதே 1926ல இங்கிலாந்துல நியூகாசில் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையிலயும் இதே சாவு. டாயல்ங்கறவர் அதை ஆராய்ஞ்சு 1927ல எழுதினார். வேற நோயோட குழப்பிக்கக் கூடாதுன்னு தற்காலிகமா ஊர் பேரையே நோய்க்கு வெச்சார். தற்காலிகமா வெச்ச பேர் எப்படி நிரந்தரமாகும்னு மென்பொருள்காரங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன! நூறு வருஷமா அதே பேர்தான் ஓடுது.

இந்தியாவுல இது குமாவோன் மலையில ராணிக்கெட்ங்கற ராணுவ ஊர்ல 1927ல தெரிஞ்சது. அதே மலைப்பக்கம் முக்தேஸ்வர்ல மாட்டு நோய் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்க இருந்த எட்வர்ட்ஸ் இதை 1928ல பதிவு செஞ்சார். மூணு இடத்துலயும் வந்தது ஒரே வைரஸ்னு பின்னாடி சோதனையில தெரிஞ்சது. உலகத்துக்கு நியூகாசில், நமக்கு ராணிக்கெட். ஆயாவுக்கு வெறும் கோழிச் சீக்கு.

ராணிப்பேட்டை எங்க வருதுன்னா, 1932ல அங்க ஒரு மருந்து நிலையம் ஆரம்பிச்சாங்க. அப்போதைய பெரிய பயம் மாட்டுக்கு வர்ற வெக்கை நோய். வெக்கை நோய்க்கு இருந்த மரியாதை கோழிக் கழிச்சலுக்குக் கிடையாது. மாடு செத்தா உழவு நிக்கும், வரி நிக்கும். கோழி செத்தா ஆயாவோட சுருக்குப்பை மட்டும்தானே காலி!

ஆனா தடுப்பு மருந்து வர ரொம்ப காலம் ஆகலைங்கறதுதான் என்னை ஆச்சரியப்படுத்தின விஷயம். 1940லயே ஐயர், டாப்சன்னு ரெண்டு பேர் வைரஸைக் கோழி முட்டைக்குள்ள திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைச்சு, தடுப்பு மருந்தாக்கிக் காட்டிட்டாங்க (ஐயர்னு பேரைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம், மறைப்பானேன்). முக்தேஸ்வர்ல ஹேடோவும் இத்னானியும் இதே வழியில உண்டாக்கின ரகம் 1946ல வந்தது. எட்டு வார வயசுக்கு மேல இறக்கைத் தோலுக்கடியில ஊசியா போடறது அதுதான். அது குஞ்சுக்குத் தாங்காது. குஞ்சுக்குன்னு சாதுவான ரகங்கள் தனி. அமெரிக்காவுல நியூஜெர்சியில லசோட்டாங்கறவர் பண்ணையில கிடைச்ச ரகம் ஒண்ணு, இங்கிலாந்துல ஆஸ்ப்ளின் 1952ல எழுதின எஃப் ரகம் ஒண்ணு. ஏழு நாள் குஞ்சுக்குக் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு விடறது இதுல ஒண்ணுதான்.

ஆக எழுபது எண்பது வருஷமா மருந்து இருக்கு. அப்புறமும் கொல்லைப்புறக் கோழி ஏன் வருஷா வருஷம் சாகுது?

பாட்டிலைப் பாருங்க, புரிஞ்சிடும். உறைய வெச்சுக் காயவெச்ச பொடி, குளிர்லயே இருக்கணும். ஒரு பாட்டில்ல நூறு, இருநூறு, ஆயிரம் டோஸ். கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். நாமக்கல் பண்ணைக்காரர் குடிதண்ணியில கலந்து ஒரே காலையில ஆயிரக்கணக்கான கோழிக்குக் கொடுத்துடுவார். பன்னெண்டு கோழி வெச்சிருக்கற ஆயா மீதி எண்பத்தெட்டு டோஸை என்ன பண்ணும்? மருந்து செஞ்சவங்க மனசுல ஆயாவே இல்லை. சிஸ்டம் டிசைன் பண்றப்ப இந்த மாதிரி யூசரை மறந்துட்டு அப்புறம் யூசர் சரியில்லைன்னு திட்டறது எங்க தொழில்லயும் சகஜம்.

ஆயாவை யோசிச்சவர் ஆஸ்திரேலியாவுல ஸ்ப்ராட்பிரோனு ஒருத்தர். 1966ல குயின்ஸ்லாந்துல நோயில்லாத கோழியில கிடைச்ச வி4ங்கற வைரஸ், கோழிக்கு ஒரு கெடுதியும் செய்யாது. அதை 56 டிகிரி சூட்டுல வெச்சு, பிழைச்சதை மட்டும் பொறுக்கி வளர்த்தாங்க. 1980கள்ல மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து அதைத் தீனியில தடவி கிராமத்துக் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. ஊசி வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். போட்ட கோழிகிட்ட இருந்து ஒரே கூட்டுல அடையற கோழிக்கும் ஓரளவு பரவும். சிக்கலும் இருந்தது. சில பச்சைத் தானியத்துல தடவினா வைரஸ் செயலிழந்துடுது. தடிச் சேவல் எல்லாத்தையும் தின்னுட்டா பெட்டைக்குக் கிடைக்காது. அதனால அப்புறம் வந்த ஐ-2 ரகத்தைப் பெரும்பாலும் கண் சொட்டாத்தான் கொடுத்தாங்க. அதுக்கு ராயல்டி வாங்காம ஏழை நாடுகளுக்குக் கொடுத்தது பெரிய மனசு. மொசாம்பிக், தான்சானியா கிராமங்கள்ல அதை நம்பித்தான் கோழி வளர்க்கறாங்க. நம்ம ஊர்லயும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சூடு தாங்கற டி58ங்கற ரகத்தை வெச்சு குருணை மருந்து செஞ்சது. பஸ்ல நான் கொண்டு வந்தது அதுவா இருந்திருந்தான்னு நினைச்சுக்கறதுதான்.

அரசு வழக்கமா பிப்ரவரியில கழிச்சல் நோய் முகாம் நடத்தும், கோடைக்கு முன்னாடி. அதைத் தவறவிட்டவங்க கதைதான் கஷ்டம். போன வருஷம் அம்மா போன் பண்ணி, "டேய், இந்த வாட்டியும் விட்டுட்டேன்டா"ன்னாங்க. நான் பாட்டில் கணக்கைச் சொன்னேன். அம்மா ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுத் தெருவுல கிளம்பிட்டாங்க. எங்க வீட்டுல பன்னெண்டு, எதிர்வீட்டுல ஒன்பது, கடலோரம் மீன் காயவைக்கற அக்கா வீட்டுல பதினாலு, இப்படி எழுதி எழுதி எழுபத்தொண்ணு வந்தது. நான் சனிக்கிழமை தெர்மாஸ்ல ஐஸ் போட்டு மருந்தோட வந்தேன். சாயங்காலம் கோழி அடைஞ்ச அப்புறம் டார்ச் வெச்சுக்கிட்டு வீடு வீடாப் போனோம். குஞ்சுக்குக் கண்ணுல சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கற வரைக்கும் கையிலயே வெச்சுக்கணும். அந்த ஒரு நொடி பொறுமைதான் வரமாட்டேங்குது. பெரிய கோழிங்களுக்கும் அதே சொட்டுதான், நான் கேட்டு வந்த மருந்து அதுக்கும் ஆகும்னாங்க. எழுபத்தொண்ணுல ரெண்டு தப்பிச்சு வேப்பமரத்துல ஏறிடுச்சு. மறுநாள் பிடிச்சப்ப பாட்டில்ல உசிர் இல்லை. அந்த ரெண்டும் எதிர்வீட்டுது. இன்னும் எங்களைக் குத்திக் காட்டிட்டு இருக்காங்க.